ஏழு கையெழுத்தில் வந்த ஆய்வேடு

போன மாதம் இரண்டு இளம் உத்தியோகத்தர்கள் சிலாபத்தில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் படிப்பு மாணவர்களுக்கென்று தனியாக ஒரு பிரிவு தொடங்கியிருக்கிறார்களாம். மனம் விட்டுக் கதைக்க ஆலோசகர் ஒருவர், மாணவருக்கும் மேற்பார்வையாளருக்கும் பிணக்கு வந்தால் விசாரிக்க ஒரு குழு, வீட்டிலிருந்தே அனுப்பக்கூடிய விண்ணப்பம் என்று நல்ல திட்டம். கேட்க எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. பிளேன்டீ குடித்து முடித்த பிறகு அவர்களில் ஒருத்தி கேட்டாள்:

"யுத்த காலத்தில இப்படி ஒண்டும் இருந்திருக்காது, என்ன மிஸ்?"

"இருந்தது மகள். அதுக்கு ஒரு பேர் இருக்கல்ல, அவ்வளவுதான்" என்றேன்.

அவர்களுக்குப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. கதை அதோடு நின்றுவிட்டது. நின்ற இடத்திலிருந்து இங்கே எழுதுகிறேன்.

நான் முன்னேஸ்வரத்தில் பிறந்தவள். உயர்தரத்தோடு படிப்பு நின்றது. சிலாபத்தில் தட்டச்சு வகுப்புக்குப் போய் மூன்று மொழியிலும் விரல் பழகினேன். கொழும்பில் பல்கலைக்கழகத் தலைமைக் கந்தோரில் வேலை கிடைத்தது. அங்கே ஐந்து வருடத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். எந்த விண்ணப்பத்துக்கும் ஏற்கெனவே ஒரு பதில் அச்சடித்து வைக்கப்பட்டிருக்கும். சரியான தாளை எடுத்துப் பெயரை நிரப்பி முத்திரை குத்தினால் வேலை முடிந்தது. நான் வேகமாக நிரப்புவேன் என்று பெயர் எடுத்திருந்தேன்.

புத்தளத்தில் பட்டப்பின் கற்கைகளுக்கு ஒரு கிளை நிலையம் திறந்தபோது, ஊருக்குக் கிட்ட என்று கேட்டு மாறி வந்தேன். மேல்மாடியில் மூன்று அறை. கீழே கருவாட்டு மொத்தக் கடை. களப்புக் காற்று திரும்பினால் விரிவுரையாளர்கூட மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பாடம் நடத்துவார். சில நாள் படிக்கட்டில் கழுதை ஏறி நிற்கும். அதை இறக்கிவிட்டுத்தான் நான் கந்தோர் திறக்க வேண்டும். தமிழ் இயக்கத்தால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் தென்னோலைக் கிடுகுக் குடிசைகளில் இருந்த காலம் அது. அவர்களில் நிறைய ஆசிரியர்கள் இருந்தார்கள். எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான்.

நிலையத்தின் பொறுப்பதிகாரி ஜுனைத் சேர். கற்பிட்டிக்காரர். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில். நான் போன முதல் வாரமே அவருடைய வேலைமுறை எனக்குப் பெரிய தலையிடியாகிவிட்டது.

மாணவர் ஒருவருக்குப் போகும் கடிதத்தை நான் தட்டச்சு செய்து கையெழுத்துக்குக் கொண்டுபோனால், அவர் பேனையை எடுக்கமாட்டார். எழும்பி மேசையைச் சுற்றி வந்து, மாணவர்கள் உட்காரும் கதிரையில் உட்காருவார். தன்னுடைய கதிரையை எனக்குக் காட்டுவார்.

"இப்ப வாசிங்க மிஸ். நான்தான் அந்த ஆள்."

நான் வாசிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக் கேட்பார். ஒரு சொல் சுடுகிறது என்றால் சுடுகிறது என்பார். விளங்காத வசனம் என்றால் "எனக்கு வெளங்கல்லயே" என்பார், மூன்று மொழியும் கரைத்துக் குடித்தவர். பிறகு பென்சிலால் திருத்துவார். நான் திரும்பத் தட்டச்சு செய்வேன். ஒரு நாளில் இருபது கடிதம் முடித்துப் பழகியவளுக்கு ஆறு கடிதம் போவதே பெரும்பாடு.

இன்னொரு பழக்கம். "சட்டத்தில் இடமில்லை" என்று யாரும் அவர் முன்னால் சொல்லக்கூடாது. "சட்டம் எழுதினவங்களுக்கு இந்த ஆளத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பாங்க" என்பார். சட்டத்தை மீறவும் மாட்டார். அதை எழுதியவர்களிடமே பஸ் ஏறிப் போய், இந்த ஆளைப் பற்றிச் சொல்லிவிட்டு வருவார். அவருடைய தைரியத்தை நான் மெல்ல மெல்லத்தான் விளங்கிக்கொண்டேன்.

முதல் ஆண்டிலேயே வரவுப் பதிவேட்டில் ஒரு சங்கடம் தெரிந்தது. சனிக்கிழமை வகுப்புக்கு முகாம்களில் இருந்து வரவேண்டிய ஆசிரியர்கள் விட்டு விட்டு வந்தார்கள். மூன்று தரம் தொடர்ந்து வராதவருக்கு எச்சரிக்கைக் கடிதம், அதன் பிறகு பதிவு நீக்கம் என்பது விதி. நான் பதினொரு எச்சரிக்கைக் கடிதங்களை அடித்துக் கொண்டுபோனேன். ஜுனைத் சேர் முதலாவதைக் கேட்டார். இரண்டாவதைக் கேட்கவில்லை.

"ஏன் வரல்ல எண்டு இவங்கள்ட்ட ஆராச்சும் கேட்டீங்களா?"

"கடிதத்துக்குப் பதில் தருவாங்கதானே சேர்."

"வாங்க, போய்க் கேப்போம்."

அடுத்த சனிக்கிழமை நுரைச்சோலைப் பக்கம் ஒரு முகாமுக்கு இருவரும் பஸ்ஸில் போனோம். மணல், கிடுகு, வெயில். முகாமின் நடுவில் ஒரு நீண்ட வரிசை. அந்த வரிசையில் எங்கள் மாணவர் ஒருவர் கக்கத்தில் உளவியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் திகைத்துப் போனார்.

"சேர், சனிக்கிழமைதான் எங்களுக்கு நிவாரண அரிசி குடுக்கிறது. அட்டைக்காரர் நேர நிக்கவேணும். நான் வகுப்புக்கு வந்தால் வீட்டில ஒரு கிழமைக்கு உலை வைக்கேலாது."

"இத ஏன் எங்களுக்குச் சொல்லல்ல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பட்டதாரி ஆசிரியர். அரிசி வரிசையில நிக்கிறன் எண்டு எப்படிச் சேர் எழுதுறது?"

அந்தப் பதினொரு கடிதமும் என் மேசை லாச்சியில் கிடந்தன. திங்கட்கிழமை அவற்றை நானே கிழித்தேன். அந்த மாதத்திலிருந்து வகுப்பு ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. அது மட்டும்தான் மாறியது. வேறு எந்தச் செலவும் இல்லை, எந்தத் திட்டமும் இல்லை. பதினொரு பேரில் ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள்.

அதன் பிறகு யாராவது இரண்டு கிழமை வராவிட்டால் நாங்கள் போனோம். ஒரு தாய் கைப்பிள்ளையை விட்டுவர ஆளில்லாமல் நின்றுவிட்டாள் என்று கண்டு, மூன்றாவது அறையில் பாய் போட்டு ஒரு தொட்டிலும் கட்டினோம். கற்பிட்டியிலிருந்து வருபவர்கள் புத்தகம் எடுக்க மட்டும் ஒரு நாளைச் செலவழிக்கிறார்கள் என்று கண்டு, பூட்டுப் போட்ட பெட்டியில் புத்தகங்களை அடுக்கிப் பஸ்ஸில் அனுப்பினோம். அந்த ஊர்ப் பள்ளிக்கூட அதிபர் ஒருவர் அதைப் பொறுப்பெடுத்தார். ஒரு புத்தகம் கூடத் தொலையவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டு தொலைந்தது. இரண்டும் புள்ளிவிபரவியல்.

இத்தனைக்குப் பிறகும் நான் ஒரு பிழை விட்டேன். அதுதான் ஜெஸீமாவின் கதை.

ஜெஸீமா வடக்குக் கரையோரத்தில் ஆசிரியையாக இருந்தவள். முப்பத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் கல்வியியல் முதுமாணிக்குப் பதிந்து, வகுப்புகளை முடித்து, ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தபோதுதான் ஊரைவிட்டுப் போகச் சொல்லி இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். இப்போது வாப்பாவோடும் மகளோடும் முகாமில் இருந்துகொண்டு, பின்னேரப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர எங்களுக்கு விண்ணப்பித்திருந்தாள். விண்ணப்பத்தில் எல்லாம் இருந்தது. பட்டச் சான்றிதழின் மூலப்பிரதியும், முன்னைய பல்கலைக்கழகத்தின் விடுவிப்புக் கடிதமும் மட்டும் இல்லை.

அந்தக் கிழமை ஜுனைத் சேர் கொழும்பில் நின்றார். பழைய கை தானாக வேலை செய்தது. அச்சடித்த தாளை எடுத்தேன். "தங்கள் விண்ணப்பம் பூரணமற்றதாகையால் கவனத்திற் கொள்ளப்படமாட்டாது என்பதை அறியத்தருகின்றேன்." பெயரை நிரப்பி, சேருக்குப் பதிலாக நானே கையெழுத்து வைத்து அனுப்பினேன்.

அடுத்த கிழமை அவள் நேரே வந்தாள். கறுப்பு முக்காடு, கால் முழுவதும் மணல். கடிதத்தை என் மேசையில் விரித்து வைத்தாள்.

"இது நீங்கள் எழுதினதா மிஸ்?"

"ஓம். மூலப்பிரதி இல்லாமல் ஒண்டும் செய்ய ஏலாது."

அவள் என் நெற்றியிலிருந்த பொட்டைப் பார்த்தாள்.

"மூலப்பிரதி வேணுமெண்டால் உங்கட ஆக்களிட்டக் கேளுங்கோ. வெளிக்கிடேக்க சந்தியில மறிச்சு பையைப் பறிச்சவை. மகளின்ட பால்மா டின்னை மட்டும் திருப்பித் தந்தவை. சேட்டிபிக்கற் எல்லாம் அந்தப் பைக்குள்ளதான் கிடந்தது."

கத்திச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். நான் புத்தளத்துக்கு வடக்கே வவுனியாவைக்கூடக் கண்டதில்லை. ஒவ்வொரு நாளும் பஸ்ஸிலிருந்து இறக்கி அடையாள அட்டை பார்க்கப்படுகிறவளும் நான்தான். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் மேசையில் விரித்துக் கிடந்த தாளில் இருந்தது என் கையெழுத்து. அவள் படி இறங்கிப் போய்விட்டாள்.

ஜுனைத் சேர் திரும்பி வந்ததும் நானே நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் வழக்கம்போல மாணவர் கதிரையில் போய் உட்கார்ந்தார்.

"வாசிங்க."

ஒரே ஒரு வசனம்தானே. வாசித்தேன்.

"சரி. இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார். "படிய இறங்கிப் போய் ரோட்டுல நிக்கிறேன். எந்தப் பக்கம் திரும்புறது? அது இந்தக் கடிதத்துல இல்லயே மிஸ்."

பிறகு எழும்பி வந்து சொன்னார்: "இல்லை எண்டு சொல்ல வேண்டி வரும். சொல்லுவோம். ஆனா அடுத்த வசனத்துல, இனி என்ன செய்யலாம் எண்டு எழுதாம இந்தக் கந்தோர்லேர்ந்து ஒரு கடிதமும் போகப்படாது."

நான் ஓய்வுபெறும் வரைக்கும் அந்த இரண்டாவது வசனம் இல்லாமல் ஒரு கடிதமும் அடிக்கவில்லை.

மறுநாள் அவர் ஒரு கடதாசியில் பென்சிலால் எழுதினார்: பட்டம் ஒன்று வாங்கினால் அதன் தடயம் எங்கெல்லாம் விழும்? சான்றிதழ் ஒரு இடம். வேலைக் கோப்பு ஒரு இடம். அந்தக் கோப்பு வடக்கில் அகப்பட்டுக் கிடந்தது. கூடப் படித்தவர்களின் ஞாபகம் ஒரு இடம். நாலாவதாக எழுதியதைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். பட்டமளிப்பு விழா நூல். ஒவ்வொரு விழாவுக்கும் பட்டம் பெறுவோரின் பெயரெல்லாம் அச்சிட்டு ஒரு நூல் வெளியிடுவார்கள். கொழும்பில் ஏதாவது ஒரு நூலகத்தில் ஒரு பிரதி கிடக்கத்தான் வேண்டும்.

"நான் போறேன் சேர்" என்றேன். என் பிழையை நானே நடந்து தீர்க்க வேண்டும் என்ற எண்ணம்.

அவர் மூன்று கடிதம் தந்தார். ஒன்று நூலகருக்கு. ஒன்று வாசல் காவலாளிக்கு. மூன்றாவது சிங்களத்தில், யார் எங்கே மறித்தாலும் காட்டுவதற்கு. அந்த மூன்றாவதுதான் முதலில் தேவைப்பட்டது. சிலாபத்திலிருந்து போன ரயில் கொழும்புக் கோட்டை நிலையத்தில் நின்றதும், அட்டையில் என் பெயரைப் பார்த்து என்னைத் தனியாக நிறுத்தினார்கள். ஒரு பெண் பொலிஸ் என் சாப்பாட்டுப் பார்சலைக்கூடப் பிரித்துப் பார்த்தார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "பொத்தக் தேடவா இவ்வளவு தூரம்?" என்று, புத்தகத்தைச் சிங்களத்தில் சொல்லி அரைத் தமிழில் கேட்டுச் சிரித்து, போக விட்டார்.

நூலகத்தில் இரண்டு நாள் தேடினேன். முதல் நாள் கிடைத்தவை வேறு வருடங்கள். இரண்டாம் நாள் மத்தியானம், அட்டை கிழிந்த ஒரு நூலில், கலைமாணி, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு என்ற தலைப்பின் கீழ் அவளுடைய பெயர் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு அப்படியே இருந்தது. விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு நூலகரைக் கூப்பிட்டேன். விரலை எடுத்தால் பெயர் போய்விடும் என்பதுபோல ஒரு பயம்.

நூலகர் சான்றுபடுத்திய அந்தப் பக்கம், கூடப் படித்த இரண்டு பேர் சமாதான நீதவான் முன்னால் கொடுத்த சத்தியக் கடதாசி, இரண்டையும் கொண்டு கொழும்பில் பட்டப்பின் கற்கைச் சபைக்குப் போனோம். அறிக்கை எழுத நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஜுனைத் சேர் கேட்டது இவ்வளவுதான்: இப்படியானவர்களை நிபந்தனையோடு பதிவோம், சான்றிதழையும் விடுவிப்புக் கடிதத்தையும் அவர்கள் பிறகு கொண்டுவரட்டும். இடம்பெயர்ந்த நாளிலிருந்து எங்களிடம் பதியும் நாள் வரைக்கும் உள்ள காலத்தைப் படிப்புக் காலத்தில் சேர்க்காமல் விடுவோம். முதல் மேற்பார்வையாளரை விலக்காமல், இங்கே ஒருவரை இணை மேற்பார்வையாளராகப் போடுவோம்.

வயதான பேராசிரியர் ஒருவர் சொன்னார்: "ஒருவருக்குக் கதவைத் திறந்தால் நாளைக்கு எல்லாரும் வந்து நிற்பார்கள்."

"வரட்டும் சேர்" என்றார் இவர். "அதுக்காகத்தானே நிலையம் திறந்தீங்க."

யாரோ சிரித்தார்கள். அந்த வயதான பேராசிரியரே பிறகு, "காலத்தைச் சேர்க்காமல் விடுவது என்பதை விதியாகவே எழுதுங்கள், தயவு என்று எழுதாதீர்கள்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவரையும் நான் மதிக்கிறேன். அது கைநூலில் விதியாகவே ஏறியது. பிறகு வந்த வருடங்களில் முகாம்களில் இருந்து எத்தனையோ பேர் அந்த வழியால் உள்ளே வந்தார்கள்.

பதிவுக் கடிதத்தை நானே முகாமுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜெஸீமா வாங்கி வாசித்தாள். "நன்றி மிஸ்" என்றாள். கதிரை தரவில்லை. அவளிடம் கதிரை இருக்கவுமில்லை.

இனி ஆய்வேடு. மீன்பிடிக் கிராமங்களில் பிள்ளைகள் ஏன் பள்ளிக்கூடத்தை இடையில் விடுகிறார்கள் என்பது அவளுடைய தலைப்பு. முதல் மூன்று அத்தியாயங்களை எழுதி, தன் பேராசிரியர் திருத்திக் கேட்டவற்றுக்கெல்லாம் அதிலேயே பதிலும் எழுதி, வெளியேறுவதற்கு முந்திய கிழமைதான் யாழ்ப்பாணத்தில் அவரிடம் திரும்பக் கொடுத்திருந்தாள். வீடு வீடாகப் போய் எடுத்த தகவல் முழுவதும் அதில்தான் இருந்தது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. பாதை மூடி இருந்தது. தபால் கப்பலில் போனது, அதுவும் போனால் போனதுதான்.

"பேராசிரியருக்கு நீங்க எழுதுங்க மிஸ்" என்றார் ஜுனைத் சேர். "ஒங்கட தமிழ் நல்ல தமிழ்." எழுதினேன். கீழே, பிரதம எழுதுவினைஞர் என்று என் பெயரை அடித்திருந்தேன். அவர் அந்த ஒரு இடத்தை மட்டும் மாற்றச் சொல்லித் தன் பெயரைப் போட்டார். எனக்குக் கொஞ்சம் மனக்குறை. நான் எழுதிய கடிதம் அல்லவா?

நாலு மாதம் ஒரு சத்தமும் இல்லை. ஐந்தாம் மாதம் ஒரு தடித்த உறை வந்தது. ஓரம் வெட்டப்பட்டு, திரும்ப ஒட்டப்பட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வரைக்கும் பிரிக்காமல் வைத்திருந்தோம். ஜெஸீமாவைக் கூப்பிட்டு அவள் கையாலேயே பிரிக்க வைத்தோம்.

உள்ளே பேராசிரியரின் கடிதம். "மகள், நான் இரண்டு வீடு மாறிவிட்டேன். உன் கட்டு என்னோடுதான் வருகிறது. மூலத்தைக் கடலில் அனுப்ப எனக்குத் துணிவில்லை. பிரதி எடுக்கும் இயந்திரம் மின்சாரம் இல்லாமல் கிடக்கிறது. ஆகவே என் மாணவர் ஏழு பேர் பங்கு போட்டுக் கையால் எழுதுகிறார்கள். எழுத எழுத அனுப்புவேன். கடதாசித் தட்டுப்பாடு, பின்பக்கத்தைப் பாராதே."

பின்பக்கத்தைப் பார்த்தோம். பழைய பரீட்சை விடைத்தாள்கள். முன்பக்கத்தில் ஜெஸீமாவின் முதலாம் அத்தியாயம், ஒவ்வொரு சில பக்கத்துக்கும் ஒவ்வொரு எழுத்தில். ஒன்று முத்து முத்தாக, ஒன்று இடது பக்கம் சாய்ந்து, ஒன்று அவசரத்தில் கொம்பும் காலும் விட்டுப்போய். பேராசிரியர் சிவப்பு மையால் போட்டிருந்த திருத்தங்களையும் கேள்விகளையும்கூட அவர்கள் சிவப்பிலேயே, அந்தந்த ஓரத்திலேயே எழுதியிருந்தார்கள். அவள் வெட்டிய வரியை எழுதி, பிறகு வெட்டியிருந்தார்கள்.

ஜெஸீமா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள்.

"இவையள எனக்குத் தெரியாது மிஸ். நான் வந்த பிறகு சேர்ந்த பிள்ளையள்." இன்னொரு பக்கத்தைப் புரட்டினாள். "அண்டைக்கு உங்களிட்ட 'உங்கட ஆக்கள்' எண்டு சொன்னன். இதையும் உங்கட ஆக்கள்தான் எழுதியிருக்கினம்."

"எனக்கும் இவங்களைத் தெரியாது ஜெஸீமா" என்றேன். "உங்கட சேர், உங்கட சேர்ட மாணவர். உங்கட ஆக்கள்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதது யார் முதலில் என்று எனக்கு ஞாபகமில்லை.

இரண்டாவது உறை ஏழு கிழமையில் வந்தது. மூன்றாவது உறை வருவதற்கு முன் பாதுகாப்புப் பிரிவினர் இருவர் வந்தார்கள். உறை அவர்கள் கையில். அதற்குள் ஒரு அட்டவணை: கிராமத்தின் பெயர், வீடுகள், வள்ளங்கள், பள்ளி விட்ட பிள்ளைகள். வடக்குக் கரையில் எந்த ஊரில் எத்தனை வள்ளம் என்று ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏன் தெரிய வேண்டும்? வடக்குக்குக் கடிதம் எழுதுகிறவர் யார் என்று கேட்டார்கள்.

ஜுனைத் சேர் எழும்பி, "எழுதுறது நான். கையெழுத்தைப் பாருங்க, என்னோடது" என்று சிங்களத்தில் சொன்னார். அப்போதுதான் அவர் என் பெயரை ஏன் எடுத்தார் என்று விளங்கியது. இருவருக்கும் கதிரை போட்டு, முதல் இரண்டு உறையையும் எடுத்து, பக்கம் பக்கமாகச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு போனார். வள்ளம் இருக்கிற வீட்டில் பையன் எந்த வயதில் கடலுக்குப் போகிறான், வள்ளம் இல்லாத வீட்டில் என்ன நடக்கிறது என்று. இரண்டு மணித்தியாலம். மூத்தவர் கடைசியில் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தான் மாரவிலப் பக்கம் மீன்பிடிக் குடும்பம் என்றும், எட்டாம் வகுப்போடு தன் அண்ணன் கடலுக்குப் போனதாகவும் சொன்னார். உறையை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகுதான் ஜுனைத் சேர் தண்ணீர் கேட்டார். இரண்டு கோப்பை குடித்தார். அதுவரைக்கும் அவருக்கும் பயம் என்று ஒன்று இருக்கும் என நான் நினைத்ததில்லை.

மிச்ச அத்தியாயங்களை ஜெஸீமா இங்கேயே எழுதினாள். வடக்கில் கண்டதைக் கற்பிட்டிக் கரையில் கண்டதோடு ஒப்பிட்டாள். பின்னேரப் பள்ளிக்கூடம் தொடங்குமுன், காலையில் எங்கள் மூன்றாவது அறையில், தொட்டிலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு எழுதினாள். இணை மேற்பார்வையாளர் மாதம் ஒருமுறை வருவார். அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதி, மாணவி, மேற்பார்வையாளர் இருவரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை நான் கோப்பில் போட வேண்டும். இதுவும் ஜுனைத் சேரின் ஏற்பாடு. "நான் அப்பிடிச் சொல்லல்ல" என்ற சண்டை எங்கள் நிலையத்தில் வந்ததேயில்லை.

வாய்மொழிப் பரீட்சைக்குக் கொழும்பிலிருந்து வந்த பரீட்சகர் கடுமையானவர். முதல் கேள்வியே இதுதான்.

"வடக்கில எடுத்த தகவலை இப்ப யாராலும் போய்ச் சரிபார்க்க இயலாது. இதை நான் எப்படி நம்புறது?"

ஜெஸீமா கையெழுத்துத் தாள்களை மேசையில் வைத்தாள். பரீட்சகர் புரட்டினார். சிவப்பு மையில் ஓரக் குறிப்புகள்: இந்த வீட்டில் மூன்று பிள்ளையா, நாலா? போய்த் திரும்பக் கேள். இந்தக் கூட்டுத்தொகை பிழை. அதற்குக் கீழே அவளுடைய பதில்கள், திருத்தம், திருத்திய நாள்.

"அண்டைக்கே சரிபார்த்தது சேர்" என்றாள். "சரிபார்த்ததையும் சேர்த்துத்தான் பிரதி எடுத்திருக்கினம்."

பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்றக் கேள்விகள் ஆய்வைப் பற்றியதாகவே இருந்தன. பின்னேரம் நாலு மணிக்கு முன்னரே முடிவு சொல்லிவிட்டார்கள். ஜெஸீமா முதுமாணி.

விதிப்படி ஆய்வேட்டின் கட்டிய பிரதிகள் மூன்று. ஜுனைத் சேர் நாலு கட்டச் சொன்னார். நாலாவதை நான் துணியில் சுற்றித் தைத்து, யாழ்ப்பாணத்துப் பேராசிரியரின் முகவரி எழுதித் தபாலில் சேர்த்தேன். நன்றியுரையை ஜெஸீமா சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்திருந்தேன். அதில், "முகம் தெரியாத, எழுத்து மட்டும் தெரிந்த ஏழு பேருக்கு" என்று ஒரு வரி இருந்தது.

எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு தபாலட்டை வந்தது. பேராசிரியரின் எழுத்து.

"நூல் கிடைத்தது. மனம் நிறைந்தது. மாணவர் ஐவர் வந்து, தாங்கள் எழுதிய பக்கங்கள் அச்சில் எங்கே வந்திருக்கின்றன என்று தேடிப் பார்த்தார்கள். மற்ற இருவருக்குமாக நான் தேடிப் பார்த்தேன்."

ஜெஸீமா அதை வாசித்துவிட்டு என்னிடம் தந்தாள். நான் வாசித்துவிட்டு ஜுனைத் சேரிடம் கொடுத்தேன். யார் அந்த இருவர், என்ன ஆனார்கள் என்று அட்டையில் ஒன்றும் இல்லை.

அலுமாரியைத் திறந்து அந்தத் தாள்களை எடுத்தோம். எழுத்து எழுத்தாகப் பிரித்து மேசையில் ஏழு அடுக்கு வைத்தாள் ஜெஸீமா. முத்து எழுத்து, சாய்ந்த எழுத்து, அவசர எழுத்து. எந்த இரண்டு என்று எங்களுக்குத் தெரியவில்லை. பிறகு அவள் பக்க இலக்கப்படி எல்லாவற்றையும் திரும்பக் கலந்து, ஒரே கட்டாகக் கட்டினாள். முடிச்சுப் போடும்போது கட்டு நூலின் மேல் நான் விரலை வைத்துக்கொண்டேன்.